செவ்வி எடுக்கப் போனால் ஆட்கள் வாய் திறக்கிறார்கள் இல்லை, என்ன செய்யலாம்?

உப்புவெளி வாசகன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் கடல்தொழில் செய்த மூத்தவர்களின் கதைகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, வாசிகசாலையில் வைக்க வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து தொடங்கியிருக்கிறோம். யாரும் காசு தரவில்லை, எங்களுடைய விருப்பத்தில் செய்கிறோம். இதுவரை மூன்று பேரைப் பதிவு செய்தேன், மூன்றும் சரிவரவில்லை.

கடைசியாகப் போனது 82 வயதான ஒரு சம்மாட்டியாரிடம், அதாவது சொந்தமாக வலை வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் நடத்துகிறவரிடம். கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கரைவலை வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் தொழில் நடத்தியவர். தேத்தண்ணிக் கடையில் அவர் கதைக்கத் தொடங்கினால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள், அப்படிப்பட்ட மனிதர். நான் போனை மேசையில் வைத்துப் பதிவைத் தொடங்கிய உடனே ஆளே மாறிவிட்டார். "ஓம்." "இல்லை." "அதெல்லாம் அந்தக் காலம் தம்பி." 22 கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன், 19 நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் அவருடைய குரலை விட என்னுடைய குரல்தான் கூட இருக்கிறது. இரவு நித்திரை வரவில்லை. அவரிடம் இருப்பது அவரோடு போய்விடும் என்ற பயம்தான் எனக்கு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், நான் எங்கே பிழை விட்டேன்?

பழைய நிருபர்

தம்பி, பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எங்கே இருந்து கதைத்தீர்கள்? பக்கத்தில் யார் யார் இருந்தார்கள்? முதல் ஐந்து கேள்விகள் என்ன? அப்படியே எழுதுங்கள், திருத்தாமல்.

உப்புவெளி வாசகன்

அவருடைய வீட்டு ஹோலில். பிளாஸ்டிக் கதிரையில் அவர், நேர் எதிரே நான், நடுவில் மேசை. என் மடியில் பைல். மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். முதல் ஐந்து கேள்விகள்: முழுப்பெயர், பிறந்த திகதி, எந்த ஊர், எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள், எத்தனையாம் ஆண்டு தொழிலுக்கு வந்தீர்கள்.

பழைய நிருபர்

நினைத்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மாவட்டத்தில் குச்சவெளியில் இருந்து வெருகல் வரை ஆட்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினவன் நான். ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கே பத்து வருஷம் போனது.

நீங்கள் கேட்ட அந்த ஐந்து கேள்விகளையும் அந்த ஐயாவிடம் இதற்கு முன் யார் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சோதனைச் சாவடியில் கேட்டார்கள். சுற்றிவளைப்பில் கேட்டார்கள். இடம்பெயர்ந்து போன முகாமில் பதிவுக்குக் கேட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் படிவத்தோடு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். போர் முடிந்த பிறகு, 2010இல் நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவில் இருந்து, 2016இல் சட்டம் கொண்டுவந்து அமைத்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வரைக்கும், இந்தப் பக்கத்துச் சனம் அதே பெயரையும் அதே திகதியையும் அதே கதையையும் எத்தனை தரம் சொல்லியிருக்கும்? எங்களுடைய ஊரில் எதிரே கதிரை போட்டு, மடியில் பைல் வைத்து, முழுப்பெயர் கேட்கிறவன் செவ்வி எடுக்க வந்தவன் இல்லை, விசாரணைக்கு வந்தவன். விசாரணையில் தப்பிப் பிழைத்தவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, கேட்டதற்கு மட்டும், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வது. சம்மாட்டியார் சரியாகத்தான் நடந்திருக்கிறார். தேத்தண்ணிக் கடையில் இருக்கிற மனிதரும் அவர்தான், உங்களுடைய மேசைக்கு முன்னால் இருந்தவரும் அவர்தான்.

அதனால் "எப்படிக் கதைக்க வைப்பது" என்று யோசிக்க வேண்டாம். அவர் உங்களைக் கேள்வி கேட்பதற்கு முதலில் இடம் கொடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் புது ஆளைக் கண்டால் முதலில் என்ன கேட்பார்கள்? "நீர் ஆற்றை பிள்ளை?" யாருடைய பிள்ளை என்ற இந்தக் கேள்விக்கு நாங்கள் பெரும்பாலும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு எங்களுடைய வேலைக்குப் போய்விடுகிறோம். அங்கேதான் பிழை. அதுக்கு வடிவாகப் பதில் சொல்லுங்கள். அப்பா யார், அம்மாவின் ஊர் எது, அம்மப்பா என்ன தொழில் செய்தார், எந்த வருஷம் எங்கே இடம்பெயர்ந்தீர்கள், திரும்பி வந்தபோது வீடு எப்படி இருந்தது, எல்லாவற்றையும். முதல் அரை மணித்தியாலம் உங்களுடைய கதையாகவே இருக்கட்டும். நீங்கள் எவ்வளவு திறக்கிறீர்களோ அதைப் பார்த்துத்தான் அவர் தன்னுடைய படலையைத் திறப்பார்.

முதல் நாள் பதிவு வேண்டாம். பைலும் வேண்டாம். சும்மா போய்விட்டு வாருங்கள்.

தம்பலகாமத்தான்

நிருபர் அண்ணா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். மற்றப் பாதியில் எனக்குச் சண்டை இருக்கிறது.

கேள்வியே இல்லாமல் போய் நான் பட்டது இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு மூத்த வயற்காரர், வயல்களுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கிற வட்டவிதானையாக இருந்தவர், தண்ணீர்ப் பங்கீடு பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. "சும்மா கதைப்போம்" என்று போனேன். ஆறு மணித்தியாலப் பதிவு. கேட்க நல்லாக இருக்கும், ஆனால் வாய்க்காலை எப்படி முறை வைத்துத் திறந்தார்கள் என்ற ஒரு விஷயம் அதற்குள் முழுசாக இல்லை. அவர் தொட்டுத் தொட்டு விட்டுப் போயிருக்கிறார், நான் பிடித்துக் கேட்கவில்லை. அடுத்த முறை போவதற்கிடையில் அவருக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஆகவே என்ன தெரிய வேண்டும் என்பதை வீட்டிலேயே யோசித்துத்தான் போக வேண்டும். 22 கேள்வி கூட. நாலு போதும். அந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு, எந்த ஒழுங்கில் வந்தாலும் சரி என்று விடுங்கள், ஆனால் எழும்பி வருவதற்கு முன் நாலும் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

பழைய நிருபர்

இதில் எனக்கு மறுப்பே இல்லை. தாளைத்தான் வேண்டாம் என்றேன், யோசிப்பதை இல்லை. நானும் பஸ்ஸுக்குள் இருந்து கையளவு துண்டில் எழுதி, இறங்கும்போது சட்டைப் பைக்குள் வைத்துவிடுவேன். எழுதின உடனே மனதில் நின்றுவிடும், துண்டை எடுக்க வேண்டி வராது.

கிண்ணியாக்காரன்

திகதி கேட்பது பற்றி ஒன்று. என்னுடைய மூத்தம்மாவிடம் "எத்தனையாம் ஆண்டு கல்யாணம்" என்று கேட்டால் "அதெல்லாம் ஆர் மனே எழுதி வெச்ச" என்று முடித்துவிடுவா. ஒரு நாள் வேறு மாதிரிக் கேட்டேன். "கல்யாணத்துக்கு உடுப்பு எடுக்க டவுனுக்கு எப்படிப் போனீங்க?" அவ்வளவுதான். பாதையின் கதை தொடங்கிவிட்டது, பாதை என்றால் ஆட்களை ஏற்றிக்கொண்டு தண்ணியைக் கடக்கிற மிதவை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, அதற்கு முன் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும், இளம் ஆட்களுக்கு அது தெரியாது. பாதைக்குக் காத்து நின்றது, அதில் ஏற்றின மாடு ஒன்று வெருண்டு தண்ணிக்குள் பாய்ந்தது, மழைக் காலத்தில் பாதை நின்றுபோனால் அக்கரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினது, அந்த வீட்டில் வைத்துத்தான் மாப்பிள்ளையை முதன்முதலாகத் தூரத்தில் கண்டது. இது எதையும் நான் கேட்கவில்லை. டவுனுக்குப் போன வழியைத்தான் கேட்டேன்.

வருஷத்தைக் கேட்டால் ஆள் கணக்குப் பார்க்கப் போய்விடுவார், கணக்கு வராவிட்டால் வெட்கப்படுவார். இடத்தையும் வழியையும் கேட்டால் காலுக்கு ஞாபகம் இருக்கும். வருஷம் நமக்குத் தேவை என்றால் நாம்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். பாலத்துக்கு முந்தியா பிந்தியா, சுனாமிக்கு முந்தியா பிந்தியா, 64ஆம் ஆண்டுப் புயலுக்கு முந்தியா பிந்தியா. இப்படிக் கேட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

உவர்மலை ஆசிரியை

நல்ல உரையாடல், சேர்ந்துகொள்கிறேன். ஓய்வுபெற்று ஐந்து வருஷம்.

வாசகன் தம்பி, உங்களுடைய ஒலிப்பதிவை இன்னொருமுறை போட்டு ஒன்றை மட்டும் பாருங்கள். அவர் பதில் சொல்லி முடித்ததில் இருந்து நீங்கள் அடுத்த கேள்வியைத் தொடங்கும் வரை எத்தனை செக்கன்? எங்களுக்கு ஆசிரியப் பயிற்சியில் மேரி பட் றோ என்ற அமெரிக்கப் பேராசிரியரின் ஆய்வு ஒன்று சொல்லித் தந்தார்கள். 1970களில் அவர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் காத்திருந்தார்கள், அதற்குள் பதில் வராவிட்டால் தாங்களே சொல்லிவிடுவார்கள் அல்லது வேறு பிள்ளையிடம் போய்விடுவார்கள். அதை மூன்று செக்கனாக நீட்டிப் பார்த்தபோது பிள்ளைகளின் பதில்கள் பல மடங்கு நீண்டன, ஒருநாளும் வாய் திறக்காத பிள்ளைகளும் கதைத்தார்கள். பதில் வந்த பிறகு காத்திருக்கும் மூன்று செக்கனும் அதே அளவு முக்கியம் என்று அவர் கண்டார். என்னுடைய வகுப்பில் நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். முதல் கிழமை மூன்று செக்கன் என்பது மூன்று நிமிஷம் மாதிரி இருந்தது, நெஞ்சு அடித்துக்கொள்ளும். பழகின பிறகுதான் எவ்வளவு பிள்ளைகளை இவ்வளவு காலமும் அவசரப்பட்டு அமத்தியிருக்கிறேன் என்று விளங்கியது.

82 வயது மனிதருக்கு மூன்று செக்கன் போதாது. ஐந்தாறு விடுங்கள். வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அது நெருக்குகிற மாதிரி இருக்கும். கடலைப் பாருங்கள், தேத்தண்ணியைக் குடியுங்கள். "ம்" என்று சொன்னால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயதானவர்கள் பெரும்பாலும் தங்களுடைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தையே கூடுதலாகவும் தெளிவாகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று உளவியலில் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுடைய சம்மாட்டியாருக்கு இப்போது 82 என்றால் கணக்குப் பாருங்கள். பிரித்தானியக் கடற்படை இங்கிருந்த தளத்தை 1957இல் கையளித்துவிட்டுப் போனபோது அவருக்குப் பதினாலு வயது அளவில் இருக்கும். 1963 கோணேசர் கோயில் கும்பாபிஷேகத்தின்போது இருபது. அடுத்த வருஷம் டிசம்பர் புயல். இந்த மூன்றும் அவருக்குள் நேற்று நடந்த மாதிரி இருக்கும். அந்தத் தளத்தின் கப்பல் பட்டறையான டொக்யாட்டில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் அந்த 57க்குப் பிறகு என்ன செய்தார்கள், அவர்களில் யாராவது கரைவலைக்கு வந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கே அறிய ஆசை.

உட்துறைமுகம்

நான் அலுவலகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிற நேர்முகத் தேர்வுகளில் இருந்திருக்கிறேன். அங்கே வேறு விதி, எல்லாருக்கும் ஒரே கேள்வியை ஒரே ஒழுங்கில் கேட்காவிட்டால் அநியாயமாகிவிடும். ஆனால் பயந்து போய் வருகிற பிள்ளைக்கு முதலில் "இன்றைக்கு என்ன நடக்கப் போகிறது, எத்தனை பேர் கேட்போம், எவ்வளவு நேரம் எடுக்கும்" என்று சொல்லிவிட்டால் முகம் மாறுவதைக் கண்ணால் காணலாம். இது உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். என்ன நடக்கப் போகிறது என்று தெரியாததுதான் பாதிப் பயம்.

சல்லிக் கடற்கரை

நான் கடல்தொழில் குடும்பத்துப் பிள்ளை. இதை வாசித்துக்கொண்டு வர ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சில வருஷத்துக்கு முன் எங்களுடைய வீட்டுக்கும் இப்படி ஒருவர் செவ்வி எடுக்க வந்தார். அப்பாவோடு இரண்டு மணித்தியாலம் கதைத்தார். போகும்போது மரியாதைக்கு அம்மாவைப் பார்த்து, "அம்மா, நீங்கள் தொழில் ஒன்றும் செய்யவில்லைத்தானே?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டு "இல்லைத் தம்பி" என்றா. அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி, வலையில் வந்த நெத்தலியையும் சூடையையும் தரம் பிரித்து, உப்புப் போட்டு, காயவைத்து, வியாபாரியோடு விலை பேசி, எந்த வீட்டுக்கு எவ்வளவு பங்கு, யார் எவ்வளவு முற்பணம் வாங்கினவர்கள் என்ற கணக்கு முழுவதையும் தலைக்குள் வைத்திருந்தவ. அப்பா கொப்பியில் எழுதினதை விட அம்மாவின் மனக்கணக்கு சரியாக இருக்கும். அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருந்தது, அம்மா அதைத் திருப்பிக் கொடுத்தா, அவ்வளவுதான். "இல்லைத்தானே" என்று முடிகிற கேள்விக்கு எங்களுடைய பெண்கள் யாரும் "இருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்த ஆளை மறுத்துக் கதைப்பது பண்பில்லை என்று வளர்ந்தவர்கள்.

ஆகவே தம்பி, உங்களுடைய பட்டியலில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பெண்களிடம் போவது என்றால் ஹோலில் இருத்திக் கேட்காதீர்கள், புருஷனும் மகனும் இருக்கிற இடத்தில் அவர்களுடைய கதை வராது. உங்களுடைய குழுவில் ஒரு பெண் பிள்ளை இருந்தால் குசினிப் பக்கம் போகட்டும், மீன் வெட்டும்போது சேர்ந்து வெட்டட்டும். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகக் கதைக்கும். ஆண்களுக்கும் அதுதான். அப்பா சும்மா இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், கிழிந்த வலையைப் பொத்தும்போது பக்கத்தில் போய் இருந்தால் போதும், நூலைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மத்தியானம் வரைக்கும் கதை வரும். எதிரே இருக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள், இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி. முகத்தைப் பார்க்காமல் கதைப்பது அவர்களுக்கு எவ்வளவு லேசு தெரியுமா.

நேரமும் முக்கியம். வலை வளைக்கிற காலத்தில் விடியப் போகாதீர்கள். வாடைக் காற்றுத் தொடங்கிக் கடல் குழம்பினால் ஆட்கள் வீட்டில்தான் இருப்பார்கள், அப்போது போனால் வந்ததுக்குச் சந்தோஷப்படுவார்கள்.

உப்புவெளி வாசகன்

அக்கா, எங்களுடைய பட்டியலில் பதினொரு பெயர். ஒரு பெண்ணும் இல்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்றைக்கே குழுவில் கதைக்கிறேன்.

பாலையூற்றுத் தாதி

நான் தாதியாக இருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் கேட்க வேண்டும், அதுவும் அவர்கள் வெட்கப்படுகிற விஷயங்களை. கேள்வியில் சொல் மாறினால் பதில் மாறும், அதைத் தினமும் காண்கிறேன். "நோ இருக்கா?" என்றால் "இல்லை மிஸ்" என்பார்கள். "இரவு படுக்கேக்க எப்படி இருந்தது?" என்றால் நோ வெளியே வரும்.

நீங்கள் பழைய சம்பவங்களைக் கேட்கப் போகிறபடியால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். 1974இல் லொப்டஸ், பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த பரிசோதனை பற்றிப் பயிற்சியில் படித்தோம். வாகன விபத்துப் படத்துண்டு ஒன்றைப் பலருக்குக் காட்டிவிட்டு வேகம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். சிலரிடம் "வாகனங்கள் முட்டியபோது" என்றும் சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் கூடிய வேகம் சொன்னார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு உடைந்த கண்ணாடி கண்டீர்களா என்று கேட்டபோது அவர்களில்தான் கூடுதலானவர்கள் கண்டோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. சுனாமி அன்றைக்கு இருந்த ஒருவரிடம் "சரியாகப் பயந்திருப்பீர்கள், என்ன?" என்று கேட்டால் நீங்கள் பயத்தை அவருக்குள் வைத்துவிட்டீர்கள். அவருக்கு அந்த நேரம் பயமே வராமல், அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுமே என்ற நினைப்பு மட்டும் இருந்திருக்கலாம். உங்களுடைய சொல்லை வைத்துக் கேட்டால் அந்தப் பாலை ஒருநாளும் கேட்கமாட்டீர்கள். "அன்றைக்கு விடிய எழும்பினதில் இருந்து சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள்.

இழப்பு உள்ளவர்களிடம் நான் கடைப்பிடிக்கிற ஒழுங்கு, நீங்களாக அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் போனால் கூடப் போங்கள். அழுதால் அழட்டும், "அழாதீங்க" என்று சொல்லாதீர்கள், அது உங்களுக்குத் தாங்காமல் சொல்வது. தண்ணி எடுத்துக் கொடுக்கலாம். பதிவை நிறுத்தட்டுமா என்று கேட்கலாம். அந்த இடத்தில் வைத்து எழும்பி வந்துவிடாதீர்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் அப்படிச் செய்தார், நேரம் போய்விட்டது என்று. அந்த அம்மா அன்றிரவு முழுக்கத் தனியே இருந்திருக்கிறா. கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்றைக்குக் கொண்டு வாருங்கள். இரவைக்கு என்ன சமையல், பேத்தி எப்போது பள்ளியால் வருவாள், முற்றத்து மாமரம் இந்தமுறை காய்த்ததா. அவர்கள் இந்த நாளுக்குள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று கண்ட பிறகுதான் படலையைத் தாண்ட வேண்டும்.

தம்பலகாமத்தான்

பதிவு செய்கிற முறை பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். போனை ப்ளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வரும். மேசையில் நேராக வைத்தால் கோப்பை வைக்கிற சத்தம் எல்லாம் இடிபோல் விழும், துவாயை மடித்து அதற்கு மேல் வைக்கவும். ஆளுக்கு ஒரு முழம் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஆனால் திருகோணமலை வெயிலில் மத்தியானம் அதை நிறுத்தி ஒரு வயதானவரை இருத்துவது பாவம், அதனால் காலை ஏழு அல்லது நாலரைக்குப் பிறகு, மரத்துக்குக் கீழ். கடல் பக்கம் என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி இருங்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே இன்னொரு இடத்திலும் பிரதி போட்டு வையுங்கள். முக்கியமாக, போனை மறைத்து வைத்துப் பதிவு செய்யவே கூடாது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்து, எப்படி நிறுத்துவது என்று அவருக்கே காட்டிக் கொடுங்கள். நான் இப்போது எல்லாரிடமும் அப்படித்தான் செய்கிறேன். தன்னுடைய கையில் நிறுத்துகிற வசதி இருக்கிறது என்று தெரிந்த ஆட்கள் அநேகமாக நிறுத்துவதில்லை.

கிண்ணியாக்காரன்

வீட்டு ஆட்கள் சுற்றி நிற்பது பற்றி. மருமகன் ஒருவர் "மாமா அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் நடந்தது" என்று திருத்திக்கொண்டே இருந்தால் மாமா இரண்டு தரம் பார்ப்பார், மூன்றாம் தரம் "அவனிட்டயே கேளுங்க" என்று விட்டுவிடுவார். போகச் சொல்லவும் முடியாது, அவருடைய வீடு. நான் செய்வது: "காக்கா, உங்களுக்கும் நிறைய விஷயம் தெரிஞ்சிருக்கு, உங்களோட தனிய இருந்து கதைக்கோணும், நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு வரவா?" என்பேன். சொன்னபடி போகவும் வேண்டும். போனால் அவரும் நல்ல கதைதான் சொல்வார்.

உப்புவெளி வாசகன்

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன்.

நிருபர் அண்ணா சொன்ன மாதிரி முதலில் வெறுங்கையோடு போனேன். வெறுங்கை என்றும் இல்லை, வெத்திலை பாக்கு கொண்டு போனேன். பின்னேரம், வீட்டுக்கு முன்னால் இருக்கிற பூவரச மரத்துக்குக் கீழ் இருந்தார். முன்னர் அப்படி வந்து பைலோடு இருந்தது பிழை ஐயா, மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அண்ணா எழுதின அதே கேள்வி, "நீர் ஆற்றை பிள்ளை?" இந்தமுறை அவசரப்படவில்லை. அப்பாவின் பக்கம் சொன்னேன், அம்மாவின் பக்கம் சொன்னேன், அம்மப்பா சாம்பல்தீவில் வள்ளம் வைத்திருந்தவர் என்று சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். "அந்த நீல வள்ளமோ?" எனக்குத் தெரியாது. வள்ளத்தின் நிறம் என்ன என்று அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன், அவருக்கு முன்னாலேயே. ஓம், நீலம்தான். அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டி இருக்கவில்லை, என்னுடைய அம்மப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயங்களை அவர் எனக்குச் சொன்னார்.

இரண்டாம் முறை போனபோது போனைக் கொண்டு போனேன், எப்படி நிறுத்துவது என்று காட்டினேன், எவ்வளவு நேரம், யார் கேட்பார்கள், எங்கே வைப்போம் என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தேன், இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு. "கரைவலைக்குப் போன முதல் நாள் எந்தக் கயிற்றில் நின்றீர்கள் ஐயா, கரையில் விட்டதிலா, வள்ளம் சுற்றிக்கொண்டு வந்ததிலா?" என்று கேட்டேன். நிறைய நேரம் பதில் இல்லை. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், ஆசிரியை அம்மா, எட்டு வரை எண்ணினேன். பிறகு சொன்னார், "கயிறு எங்க தந்தவங்கள், என்னைச் சுருட்டத்தான் விட்டவங்கள்." பின்னால் நின்று ஈரக் கயிற்றைச் சுருட்டுகிற பெடியனாகத்தான் தொடங்கியிருக்கிறார். உள்ளங்கையைக் காட்டினார். அந்தக் கையைக் காட்டிக்கொண்டே வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு ஒன்றை மெதுவாகத் தொடங்கினார், இழுக்கிறவர்கள் எடுக்கிற அடியைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் திருப்பிச் சொல்கிற அடியை என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். 74 நிமிஷம் பதிவாகியிருக்கிறது. ஆசிரியை அம்மா, டொக்யாட்டைக் கையளித்த பிறகு அவருடைய வலைக்கு இரண்டு பேர் வந்தார்களாம், ஒருவர் கொஞ்ச நாளில் விட்டுவிட்டாராம், மற்றவர் கடைசிவரை நின்றாராம்.

இப்போது ஒரு கேள்வி. 74ஆவது நிமிஷத்தில் அவரே போனை எடுத்துப் பதிவை நிறுத்தினார். நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னார். அவருடைய தம்பியைப் பற்றியது. என்ன என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அதைக் கொப்பியில் எழுதி வைப்பதா வேண்டாமா என்று நாலு நாளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். எழுதாவிட்டால் தொலைந்துவிடும். எழுதினால் அவரை ஏமாற்றின மாதிரி.

பழைய நிருபர்

எழுத வேண்டாம். நிறுத்திவிட்டுத்தான் சொன்னார். அது வாசிகசாலைக்குச் சொன்னது இல்லை, நீல வள்ளக்காரரின் பேரனுக்குச் சொன்னது.

பாலையூற்றுத் தாதி

அவரிடமே கேட்கலாம். இப்போது இல்லை, கொஞ்ச நாள் போகட்டும். "அன்றைக்குச் சொன்னது என்னோடேயே இருக்கட்டுமா ஐயா?" என்று மட்டும் கேளுங்கள். ஓம் என்றால் ஓம்.

சல்லிக் கடற்கரை

பதிவை முதலில் யாருக்குப் போட்டுக் காட்டப் போகிறீர்கள் தம்பி? எங்களுடைய வீட்டுக்கு வந்தவர் திரும்பி வரவே இல்லை. அப்பா போய்ச் சேரும் வரைக்கும் "அந்தப் பெடியன் என்ன எழுதினானோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உப்புவெளி வாசகன்

சனிக்கிழமை போகிறேன் அக்கா, முழுவதையும் அவருக்குப் போட்டுக் காட்டி, எது வேண்டாம் என்கிறாரோ அதை வெட்டுவேன், ஒரு பிரதி பேத்தியின் போனிலும் போட்டுக் கொடுப்பேன். தாதி அக்கா சொன்ன கேள்வியையும் அன்றைக்குக் கேட்க மாட்டேன், அடுத்தமுறை பார்ப்போம். எங்களுடைய குழுவில் ஒரு தங்கச்சி சேர்ந்திருக்கிறாள், அவளும் என்னோடு வருகிறாள். சம்மாட்டியாருடைய மனுசி குசினிக்குள் இருந்து எங்களுடைய கதை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. நான் வெளிக்கிடும்போது வாசலுக்கு வந்து, "அந்த வருசம் மீன் பட்டது அவர் சொல்லுற மாதிரி இல்லைத் தம்பி" என்றா.

சல்லிக் கடற்கரை

விடியவே அனுப்புங்கள் அந்தப் பிள்ளையை. மீன் வெட்டுகிற நேரத்துக்கு.